தங்கச்சிக்கு ரெண்டாவது கொழந்த பொறந்து 7 வாரம், பீடி சுத்தும்போதே அழறா, இது இன்னா வியாதி?

பீடிக்கட்டு_அக்கா (குடியாத்தம் பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுகினு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்குதான் எழுதறேன். போன்ல பேசி டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

எங்க தங்கச்சிக்கு 23 வயசு. ரெண்டாவதும் பொண்ணு, பொறந்து 7 வாரம் ஆவுது. ஆபரேஷன் பண்ணிதான் எடுத்தாங்க. பெரியவளுக்கு 4 வயசு. மொத பிரசவம் எங்க வீட்டுலதான், அஞ்சு மாசம் வெச்சிருந்து அனுப்பினோம், அப்ப ஒண்ணும் இல்ல, நல்லா சிரிச்சுகினு பேசிகினுதான் இருந்தா. ரெண்டாவதுக்கு அம்மா வீட்டுக்கு அழைச்சுனு வர்ற பழக்கம் எங்க பக்கம் இல்ல. அதுவும் இல்லாம எங்கம்மா தீப்பெட்டி கம்பெனிக்கு போறாங்க, நான் பீடி சுத்தறேன், ஒரு நாள் உக்காந்தா குழு லோன் கட்ட முடியாது. அதனால மாமியார் வீட்டுலயே இருக்கட்டும்னு வுட்டுட்டோம். மாமியாருக்கும் முட்டி வலி, மச்சான் லாரி லோடு வேலைக்கு போயிடுவாரு.

போன ஞாயித்துக்கிழம பாக்க போனேன். மொறத்த மடில வெச்சுகினு குந்தினு இருக்கா, பக்கத்துல தூளி, தூளில கயிறு கட்டி கால் கட்டவெரல்ல மாட்டியிருக்கா, கை பீடி சுத்துது கால் தூளி ஆட்டுது. புள்ள கத்துது. ஜாக்கெட் ரெண்டு பக்கமும் பாலு ஊறி நனைஞ்சு கீழ எலை மேல சொட்டுது, இவளுக்கு அது தெரியவே இல்ல. ஒரே பீடிய கட்டறா, நூலை அவுக்கறா, மறுபடி கட்டறா. நான் வந்து நின்னதே ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் பாத்தா. ஏண்டி புள்ள அழுவுதேன்னு கேட்டதுக்கு "நீ எடுத்துனு போயிடுக்கா, நான் இல்லன்னாலும் அது வளந்துரும்"னு சொல்றா. சொல்லிட்டு அழுவுறா. அன்னையிலேர்ந்து எனக்கு தூக்கமே இல்ல.

சாப்டறது இல்ல, புள்ள தூங்கும்போதும் இவ தூங்கறது இல்ல, முழிச்சுனு கூரைய பாத்துகினு இருக்கா. எங்கம்மா காத்து கருப்பு பட்டுடுச்சுன்னு சொல்லி மந்திரிச்சு கயிறு கட்டிட்டு வந்தாங்க. மாமியார் ரெண்டாவதும் பொண்ணா போச்சுன்னு மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கான்னு சொல்றாங்க (அதை மொதல்ல சொன்னதே அவங்கதான், ஆஸ்பத்திரி வராண்டாலயே). போன்ல ஒரு வீடியோல இது டிப்ரஷன்னு பாத்து மச்சான்கிட்ட சொன்னேன், "அதெல்லாம் வேல வெட்டி இல்லாத பணக்கார பொம்பளைங்களுக்கு வர்றது, நமக்கு எங்க நேரம்"னு சிரிக்கறாரு.

நெஜமாவே எங்கள மாதிரி ஜனத்துக்கு இது வருமா? ஏன் மொத கொழந்தைக்கு வராம இதுக்கு வந்துச்சு? யாரை போய் பாக்கறது, எவ்ளோ செலவு ஆகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

—

ரிட்டயர்டு_நர்ஸம்மா எழுதியது:

அம்மா, மொதல்ல ஒரே ஒரு விஷயம், மத்தத அப்பறம் படிங்க. "நான் இல்லன்னாலும் வளந்துரும்"னு சொல்றது சும்மா அலுப்புல சொல்றதா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை நீங்களோ நானோ இங்க உக்காந்து முடிவு பண்ண முடியாது. அவகிட்ட நேராவே கேளுங்க, "செத்துடலாம்னு தோணுதா, புள்ளைய ஏதாவது பண்ணிடலாம்னு தோணுதா"ன்னு. கேட்டா இல்லாத யோசனைய நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது, கேட்டதும் பாரம் எறங்குன மாதிரி அழுவாங்க, நான் நெறைய பேர்கிட்ட பாத்துருக்கேன். டாக்டர பாக்குற வரைக்கும் அவள ராத்திரி பகல் தனியா விடாதீங்க. 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ், நம்ம ஊர்ல நட்புடன் உங்களோடு மனநல சேவைன்னு பேரு, 2022 அக்டோபர்லேர்ந்து இருக்கு, 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு கெடையாது. தூக்கமே இல்லாம சம்பந்தமில்லாம பேசுறா, காதுல யாரோ பேசுற மாதிரி இருக்குங்கறா, யாரோ புள்ளைய மாத்திட்டாங்கன்னு சொல்றா, இந்த மாதிரி எதாவது இருந்தா ஒரு நிமிஷம் யோசிக்காம 108. அது வேற வியாதி, ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்றது, பெரும்பாலும் மொத ரெண்டு வாரத்துலயே வந்துரும். உங்க தங்கச்சிக்கு நீங்க சொன்னத வெச்சு பாத்தா அந்த மாதிரி தெரியல, ஆனாலும் சொல்லி வெக்கறேன்.

சரி, இப்ப உங்க மச்சானுக்கு பதில். நான் 31 வருஷம் கிராமத்துல நர்ஸா இருந்தவ, சைக்கிள்ல போனவ. இது பணக்கார வியாதி இல்லவே இல்ல, தலைகீழ். அதுவும் எங்கயோ வெளிநாட்டுல கண்டுபிடிச்சது இல்ல, உங்க குடியாத்தத்துலேர்ந்து பஸ் ஏறினா போயிடலாம், கணியம்பாடி பிளாக், அங்க வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டருங்க பண்ண ஆராய்ச்சி 2002ல வெளியாச்சு. நெறமாசமா இருந்த 359 பேர எடுத்து, கொழந்த பொறந்து 6லேர்ந்து 12 வாரத்துக்குள்ள 301 பேர மறுபடி பாத்து தமிழ்லயே கேள்வி கேட்டு பேசினாங்க. நூத்துக்கு 11 பேருக்கு புதுசா டிப்ரஷன் வந்திருந்துச்சு. யாருக்கு வந்துச்சுன்னு அவங்க சொன்னத பாருங்க, கொறஞ்ச வருமானம், பையன் வேணும்னு இருந்து பொண்ணு பொறந்தது, மாமியாரோடவோ பெத்தவங்களோடவோ ஒத்துப்போகாதது, கர்ப்பத்துல இருக்கும்போது குடும்பத்துல ஏதாவது பெரிய அடி விழுந்தது, கைவேலைக்கு ஒத்தாசை ஆள் இல்லாதது. உங்க கேள்வியயே திருப்பி எழுதின மாதிரி இல்ல?

அதே வருஷம் கோவால ஒரு ஆஸ்பத்திரியில 270 தாய்மார்கள வெச்சு பண்ணதுலயும் பணக் கஷ்டம், புருஷனோட சரியில்லாதது, பொண்ணு பொறந்தது, இதேதான். அதுல இன்னொண்ணும் தெரிஞ்சுது, பிரசவத்துக்கு அப்பறம் டிப்ரஷன்ல இருந்தவங்கள்ல நூத்துக்கு 78 பேருக்கு வயித்துல புள்ள இருக்கும்போதே மனசு சரியில்லாம இருந்துருக்கு. அப்ப யாரும் கேக்கல. நாங்களும் கேக்கலைன்னுதான் சொல்லணும். எங்க நோட்டுல பிபிக்கு கட்டம், வெயிட்டுக்கு கட்டம், ரத்தத்துக்கு கட்டம், டிடி ஊசிக்கு கட்டம், எல்லாம் இருந்துச்சு, "தூங்குறியாம்மா"ன்னு கேட்டு எழுதறதுக்கு கட்டம் இல்ல. கட்டம் இல்லாதத நாங்க கேக்க மாட்டோம், அவ்ளோதான் நெஜம்.

பிரசவம் ஆகி மூணாவது நாலாவது நாள் காரணமே இல்லாம கண்ணு கலங்குறது பாதிக்கும் மேல எல்லாருக்கும் வரும், ரெண்டு வாரத்துக்குள்ள தானா போயிடும், அதுக்கு மருந்து வேணாம், பக்கத்துல ஆள் இருந்தா போதும். ரெண்டு வாரம் தாண்டியும் இருக்கு, புள்ள தூங்கியும் அவளுக்கு தூக்கம் வரல, எதுலயும் மனசு ஒட்டல, சாப்பாடு எறங்கல, சாவு பேச்சு வருதுன்னா அது டிப்ரஷன்னு டாக்டர்கிட்ட காமிச்சே ஆகணும். 7 வாரம் ஆச்சு, இன்னும் காத்திருக்க வேணாம்.

எங்க போறதுன்னா அரசு ஆஸ்பத்திரிதான், தாலுகா ஜிஹெச்ல மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்த நாள் வர்றாருன்னு ஓபி சீட்டு குடுக்குற எடத்துலயே கேளுங்க, இல்ல நேரா மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி இல்ல மெடிக்கல் காலேஜ். மருந்து இலவசம், பஸ் செலவு மட்டும்தான், அதுவும் டவுன் பஸ்ஸா இருந்தா பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. ரத்தமும் தைராய்டும் டெஸ்ட் பண்ண சொல்லுங்க, ரெண்டும் கொறஞ்சாலும் மனசு இப்படி அமுங்கிப் போவும், நம்ம ஊர்ல கர்ப்பிணிங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தம் கம்மி, அதுல ஆபரேஷன் வேற.

—

கேகேநகர்_மாமியாரில்லாதவ எழுதியது:

அக்கா உங்க மச்சான் சொன்ன அந்த பணக்கார வியாதி கதைய நான் ரெண்டு பக்கமும் பாத்தவ. எழுதணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமா போவும்.

நான் சென்னைல வீட்டு வேல செய்றேன், நாலு வீடு. எம் பையன் பொறந்து 40வது நாள் வேலைக்கு போயிட்டேன், ஏன்னா அதுக்கு மேல லீவ் கேட்டா வேற ஆள் வெச்சுருவாங்க, பெரிய கம்பெனிலலாம் 26 வாரம் சம்பளத்தோட லீவு சட்டம் இருக்குன்னு சொல்றாங்களே, பாத்திரம் கழுவுறவளுக்கு அதெல்லாம் எந்த ஊர்ல. எங்கம்மா செத்து ரெண்டு வருஷம், மாமியாரும் இல்ல. புள்ளைய பக்கத்து வீட்டு ஆயாகிட்ட மாசம் 1500 ரூபா குடுத்து விட்டுட்டு போவேன். பதினோரு மணிக்கு மாரு ரெண்டும் கல்லு மாதிரி கட்டிக்கும், மூணாவது வீட்டு பாத்ரூம்ல போயி வாஷ்பேசின்ல பீய்ச்சி விடுவேன், எம் புள்ள அங்க பவுடர் பாலு குடிக்கும், இங்க என் பாலு தண்ணில போவும். குழாய திறந்து விட்டுட்டு அழுவேன், சத்தம் கேக்கக்கூடாதுன்னு.

அதே வீட்டுல அந்தம்மாவோட பொண்ணு, அமெரிக்காவுலேர்ந்து பிரசவத்துக்கு வந்துருந்தாங்க, கொழந்தைக்கு ராத்திரி பாத்துக்க தனியா ஒரு நர்ஸ், குளிப்பாட்ட ஒரு அம்மா, சமையலுக்கு ஒரு ஆள். அந்த பொண்ணுக்கும் இதே மாதிரி ஆச்சு. அழுதுனே இருப்பாங்க. ரெண்டு வாரத்துல டாக்டர்கிட்ட போனாங்க, மாத்திரை, வாரம் ஒரு தடவ ஒருத்தர்கிட்ட பேசறது, நாலு மாசத்துல நல்லா ஆயிட்டாங்க. நான் அவங்க ரூம்ம பெருக்கினே நெனப்பேன், பாவம், படிச்சவங்களுக்கு இப்படி ஒரு வியாதி வருதேன்னு. எனக்கு அதேதான் இருக்குன்னு எனக்கு தோணவே இல்ல பாருங்க. எனக்கு வந்தது சோம்பேறித்தனம், கொழுப்பு, புள்ள மேல பாசம் இல்லாத ராட்சசின்னு நானே எம்மேல திட்டு.

அதனால பணக்காரங்களுக்கு வராதுன்னு இல்ல, வரும். அவங்களுக்கு வந்தா அதுக்கு ஒரு பேரு இருக்கு, டாக்டர் இருக்கு, புள்ளைய தூக்க ஆள் இருக்கு. நமக்கு வந்தா காத்து கருப்பு.

எனக்கு எப்படி சரியாச்சுன்னு கேட்டா, அந்த அம்மாவே ஒரு நாள் பாத்ரூம்லேர்ந்து வரும்போது என் மூஞ்சிய பாத்துட்டு உக்கார வெச்சு கேட்டாங்க. எம் புள்ளைக்கு அப்ப 8 மாசம். எட்டு மாசம் அக்கா. நான் ஜிஹெச்ல காட்டினேன், கியூல மூணு மணி நேரம், டாக்டர் ரெண்டே நிமிஷம்தான் பேசினாங்க, ஆனா மாத்திரை நல்ல மாத்திரை. ரெண்டு மூணு வாரம் ஒண்ணும் தெரியாது, ஏமாத்திட்டாங்களோன்னு இருக்கும், நிறுத்திடாதீங்க. ஒரு நாள் பஸ்ல வரும்போது பசிச்சுது. பசின்னு ஒண்ணு தெரிஞ்சதே அன்னைக்குதான்.

—

அந்தக்காலம்_பெருமாள் எழுதியது:

எல்லாத்துக்கும் இப்ப ஒரு இங்கிலீஷ் பேர் வெச்சுடுறாங்க. எங்க பாட்டி 9 பெத்தாங்க, காலைல பெத்துட்டு சாயங்காலம் நாத்து நடப் போனாங்கன்னு சொல்லுவாங்க, அவங்களுக்கு எந்த டிப்ரஷனும் வரல. போன பாக்குறத கொறைச்சாலே பாதி சரியாயிடும். தப்பா நெனைக்காதீங்க, மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா சாப்பிட வேண்டியிருக்கும், பாலு வழியா புள்ளைக்கும் போவும்.

—

ரிட்டயர்டு_நர்ஸம்மா எழுதியது:

பெருமாள் சார், உங்க பாட்டி நாத்து நட்டத சொன்னாங்க, ராத்திரி என்ன நெனச்சாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா? பேறுகாலத்துல கெணத்துல விழுந்தவங்க கதை இல்லாத ஊரு ஒண்ணு காட்டுங்க. பிரசவ சன்னின்னு நம்ம கெழவிங்களே பேரு வெச்சிருக்காங்க, சொரத்தையும் புத்தி பேதலிச்சதையும் சேத்து அந்த ஒத்த வார்த்தைல போட்டாங்க, பேரு இல்லாமலா இருந்துச்சு? அதோட அந்தக் காலத்துல பச்ச ஒடம்புக்காரி பக்கத்துல நாலு பொம்பள இருந்தாங்க, தீட்டுன்னு சொல்லியாவது 16 நாள் அடுப்படிக்கு விடல. தீட்டுங்கறது எனக்கு புடிக்காத வார்த்தை, ஆனா அந்த 16 நாள் படுக்கை புடிக்கும். இப்ப தீட்டு மட்டும் பாக்கறோம், மூலைல உக்கார வெக்கிறோம், அங்கயே மொறத்தையும் குடுத்துடுறோம்.

மாத்திரை விஷயம். பாலு குடுக்குற அம்மாவுக்குன்னே பாத்து குடுக்கக்கூடிய மாத்திரை இருக்கு, செர்ட்ரலின் மாதிரி, அது பால்ல போற அளவு ரொம்ப ரொம்ப கம்மி. வாழ்நாள் பூரா இல்ல, நல்லானதுக்கு அப்பறம் சில மாசம் தொடர்ந்து குடுத்து டாக்டரே மெதுவா கொறைப்பாரு. பாலு குடுக்குறேன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும், அவ்ளோதான். எல்லாருக்கும் மாத்திரையே தேவைன்னும் இல்ல. பாகிஸ்தான்ல ராவல்பிண்டி கிராமங்கள்ல எங்கள மாதிரி வீடு வீடா போற சுகாதாரப் பணியாளர் பொம்பளைங்களுக்கே பயிற்சி குடுத்து டிப்ரஷன்ல இருந்த கர்ப்பிணிங்ககிட்ட மொறையா பேச வெச்சாங்க, 2008ல முடிவு வெளியாச்சு. கொழந்தைக்கு 6 மாசம் ஆகும்போது, சும்மா வழக்கமா வீட்டுக்கு வந்து போனவங்க பாத்த தாய்மாருங்கள்ல 53 சதவீதம் பேரு இன்னும் டிப்ரஷன்லயே இருந்தாங்க, பயிற்சி எடுத்தவங்க பாத்தவங்கள்ல 23 சதவீதம்தான். பத்தாவது பன்னண்டாவது படிச்ச பொம்பளைங்க பண்ணது அது. எனக்கு சர்வீஸ்ல இருக்கும்போது யாராவது இதை சொல்லிக் குடுத்துருந்தா நல்லாருந்திருக்கும்னு வயித்தெரிச்சலா இருக்கு.

பீடிக்கட்டு அம்மா, ஏன் மொத கொழந்தைக்கு வரலைன்னு கேட்டீங்கல்ல. நீங்களேதான் பதிலும் எழுதியிருக்கீங்க. மொதல்ல அஞ்சு மாசம் உங்க அம்மாவும் நீங்களும் மாத்தி மாத்தி தூக்குனீங்க. இப்ப அவளோட கால் கட்டவெரல்தான் தூக்குது. காசு இல்லைங்கறது நேரா மனசுக்குள்ள போயி உக்காராது, அது ஒரு வழியா வரும், காசு இல்ல அதனால வேலை விட முடியல, வேலை விட முடியல அதனால ஒத்தாசைக்கு ஆள் வர முடியல, ஆள் இல்ல அதனால தூக்கம் இல்ல, தூக்கம் இல்லாத தலைல "பொண்ணா போச்சே"ன்னு ஒரு வார்த்தை விழுந்தா அது எறங்கவே எறங்காது. இதுல காசு நாளைக்கே வராது. தூக்கம் வரவெக்கலாம்.

இன்னொண்ணு கேக்கறேன், கூச்சப்படாம சொல்லுங்க, மச்சான் அடிப்பாரா? குடியா? கர்ப்பிணிங்களுக்கு அரசாங்கம் குடுக்குற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து பணம் வந்துச்சா, யார் கையில போச்சு?

—

ஓசூர்_டிரைவர் எழுதியது:

நர்ஸம்மா கேட்ட கேள்விய பாத்ததும் பதில் போடணும்னு தோணுச்சு. நான் புருஷன் சைடு.

என் ஒய்ஃப்க்கு வந்தப்ப நானும் சிரிச்ச ஆளுதான். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா மூஞ்ச காட்டுவா, நான் திரும்ப வெளிய போயிடுவேன், ரெண்டு ரவுண்டு போட்டுட்டு அவ தூங்குனதுக்கு அப்பறம் வருவேன், அவ தூங்கலைங்கறது எனக்கு தெரியாது. ஒரு நாள் ராத்திரி பாப்பா கத்தற சத்தம் கேட்டு முழிச்சா இவ பக்கத்துல உக்காந்து பாப்பாவ பாத்துகிட்டே இருக்கா, தொடவே இல்ல. "தூக்குனா தூக்கி வீசிருவனோன்னு பயமா இருக்கு, அதான் தூக்கல"ன்னா. அன்னைக்குதான் சார் எனக்கு பயம் வந்துச்சு.

அவளுக்கு கவுன்சிலிங் குடுத்தவங்க எனக்கு ஒரே ஒரு வேல குடுத்தாங்க. ராத்திரி 10லேர்ந்து 3 வரைக்கும் பாப்பா என் பொறுப்பு, பாலுக்கு மட்டும் அவகிட்ட குடுத்து உடனே வாங்கிக்கணும், ஏப்பம் விட வெக்கிறது துணி மாத்துறது தூங்க வெக்கிறது எல்லாம் நான். மொத ராத்திரி துணி மாத்த எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு. இத பெருசா சொல்லிக்கல, லாரி ஓட்டும்போது ராத்திரி முழிக்கிறது எனக்கு பழக்கம்தானே, வீட்டுல முழிக்கத்தான் தெரியல.

மச்சான்கிட்ட டிப்ரஷன்னு சொல்லாதீங்க, புரியாது. தொடர்ந்து 5 மணி நேரம் தூங்கவே இல்லாம 7 வாரம் வண்டி ஓட்டினா என்ன ஆகும்னு கேளுங்க. லோடு வேலைல இருக்கறவருக்கு அது புரியும்.

—

பீடிக்கட்டு_அக்கா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு அழுதுட்டேன், எங்கம்மாவுக்கும் படிச்சு காமிச்சேன்.

நர்ஸம்மா கேட்டதுக்கு. அடிக்கறது மொத புள்ளைக்கு முன்னாடி ரெண்டு தடவ நடந்துச்சு, இப்ப இல்லன்னு சொல்றா, நம்பறதா தெரியல. குடி சனிக்கிழம மட்டும். திட்டத்து பணம் வந்துச்சு, அவ அக்கவுண்ட்லதான் வந்துச்சு, ஏடிஎம் கார்டு மச்சான்கிட்ட. ஒரு தவணை பைக் ட்யூக்கு போச்சு, இன்னொரு தவணை மாமியாரோட முட்டிக்கு ஸ்கேன். ஊட்டச்சத்து பொட்டில வந்த பேரீச்சம்பழமும் நெய்யும் யார் சாப்ட்டாங்கன்னு கேட்டா சிரிக்கறா.

நேத்து நேராவே கேட்டேன் நீங்க சொன்ன மாதிரி. கை நடுங்குச்சு எனக்கு. "கெணத்துப் பக்கம் தண்ணி எடுக்கப் போனா எட்டி பாக்கணும்னு இருக்குக்கா, அதனாலதான் ஒரு வாரமா போறதில்ல, அத்தை சோம்பேறின்னு திட்டறாங்க"ன்னு சொன்னா. அப்படியே மொறத்த எடுத்து ஓரமா வெச்சுட்டு 14416க்கு போட்டேன். ஒரு பொண்ணு பேசினாங்க, பொறுமையா பேசினாங்க, அவகிட்டயும் பேசினாங்க, நாளைக்கு காலைல ஆஸ்பத்திரிக்கு போகச் சொன்னாங்க. ராத்திரியே அவளையும் ரெண்டு புள்ளைங்களையும் ஆட்டோ வெச்சு எங்க வீட்டுக்கு அழைச்சுனு வந்துட்டேன். ரெண்டாவது பிரசவத்துக்கு கூப்புடற பழக்கம் இல்லன்னு எங்கம்மா ஆரம்பிச்சாங்க, பழக்கத்த யாரு வெச்சாங்க நாமதானன்னு கத்திட்டேன்.

—

ரிட்டயர்டு_நர்ஸம்மா எழுதியது:

நீங்க பண்ணதுதான் சரி. சோம்பேறித்தனம் இல்ல அது, கெணத்துப் பக்கம் போகாம இருந்து அவளே அவள காப்பாத்திகினு இருந்திருக்கா. ஆஸ்பத்திரிக்கு போகும்போது பிக்மி நம்பர் (கர்ப்பத்த பதிவு பண்ணப்ப குடுத்த நம்பர்) எழுதின அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் எடுத்துக்கோங்க. டாக்டர்கிட்ட கெணறு விஷயத்த நீங்களே மொதல்ல சொல்லிடுங்க, அவ வெக்கப்பட்டு விட்டுடுவா. எடின்பரோன்னு 10 கேள்வி இருக்குற ஒரு தாளு, தமிழ்லயே இருக்கு, போன 7 நாள் எப்படி இருந்தன்னு கேப்பாங்க, மொத கேள்வியே சிரிக்க முடியுதாங்கறதுதான், பத்தாவது இந்த சாவு யோசனை. அது கேட்டா பயப்பட வேணாம். வீட்டுல எலி மருந்து, பூச்சி மருந்து, மிச்சம் மீதி மாத்திரை எதுவும் கைக்கு எட்டுற எடத்துல வேணாம், இன்னைக்கே எடுத்துடுங்க. அடி விழுந்தா 181க்கு போடுங்க, பொம்பளைங்களுக்கான உதவி நம்பர் அது. ஏடிஎம் கார்ட அப்பறம் பாத்துக்கலாம், ஆனா மறக்காதீங்க, மீதி தவணை இருக்கும், 18,000 ரூபா திட்டம் அது, பணமா வர்றது 14,000, பேங்க்ல போயி புது கார்டு கேட்டு வாங்குனா போதும்.

அப்பறம் பீடி எலையும் தூளும் இருக்குற ரூம்ல புள்ளைய போடாதீங்க.

—

கேகேநகர்_மாமியாரில்லாதவ எழுதியது:

அக்கா என்னாச்சு, ரெண்டு நாளா காணோம். ஒரு வார்த்தை போடுங்க.

—

பீடிக்கட்டு_அக்கா எழுதியது:

இருக்கேம்மா. மூணு நாளா போன எடுக்க கை இல்ல.

ஆஸ்பத்திரிக்கு போனோம். ரத்தம் 8.2தான் இருக்காம், தைராய்டு ரிப்போர்ட் இன்னும் வரல. மனநல டாக்டரம்மா பாத்தாங்க, ரெண்டு நிமிஷம் இல்ல, இருபது நிமிஷம் பேசினாங்க. மாத்திரை குடுத்துருக்காங்க, இரும்புச்சத்து மாத்திரையும், ஒரு வாரத்துல திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. அட்மிஷன் போடலாமான்னு யோசிச்சாங்க, வீட்டுல எப்பவும் ஆள் இருப்போம்னு நானும் எங்கம்மாவும் சொன்னதுக்கு அப்பறம்தான் அனுப்பினாங்க, எதாவது மாறுச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்கன்னு எழுதி குடுத்தாங்க.

எங்கம்மா கம்பெனிக்கு ஒரு வாரம் போகல. குழு மீட்டிங்ல போயி ரெண்டு வாரம் தவணை தள்ளி குடுங்கன்னு கேட்டேன், லோன்காரன் முடியாதுன்னுட்டான், குழுல இருக்குற பொம்பளைங்களே ஆளுக்கு கொஞ்சம் போட்டு கட்டிட்டாங்க. அவங்கள்ல ஒருத்தங்க எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு மூணாவது புள்ளைக்குன்னு மெதுவா வந்து சொல்லிட்டு போனாங்க. பதினஞ்சு வருஷமா பக்கத்து பக்கத்துல குந்தினு பீடி சுத்தறோம், இன்னைக்குதான் சொல்றாங்க.

மச்சான் வந்தாரு. டிரைவர் அண்ணன் சொன்ன அந்த தூக்கம் இல்லாம வண்டி ஓட்டுற கணக்க சொன்னேன். ஒண்ணும் பேசல. பெரிய பொண்ண தூக்கி தோள்ல போட்டுனு ரெண்டு ரவுண்டு தெருவுல நடந்தாரு, போயிட்டாரு. நல்லதா கெட்டதா தெரியல. மாமியார் இன்னும் வரல, எங்க மேல கோவம்.

முந்தாநாள் ராத்திரி நானும் எங்கம்மாவும் மாத்தி மாத்தி பாத்துக்கினோம், அவ 10 மணிக்கு படுத்தவ ஒரே ஒரு தடவ பாலு குடுத்துட்டு 5 மணி வரைக்கும் தூங்கிட்டா. எழுந்து பாத்துட்டு புள்ள எங்கம்மா பக்கத்துல இருக்கறத பாத்து, "இன்னாம்மா இப்படியா போத்துவாங்க, மூக்கு மூடியிருக்கு பாரு"ன்னு எங்கம்மாவ திட்டினா. 7 வாரத்துல மொத தடவ திட்டறா. எங்கம்மா திட்டு வாங்கிகினு சமையல் ரூம்ல போயி முந்தானைல மூஞ்ச தொடச்சுனு இருந்தாங்க.

ஒரு சந்தேகம் நர்ஸம்மா, மாத்திரைய ராத்திரி பாலு குடுக்கறதுக்கு முன்னாடி போடறதா பின்னாடியா? டாக்டரம்மா சொன்னாங்க, பதட்டத்துல மறந்துட்டேன்.

—

ரிட்டயர்டு_நர்ஸம்மா எழுதியது:

சீட்டுல டாக்டர் எழுதின நேரம் எதுவோ அதுவேதான் கணக்கு, தெளிவா இல்லன்னா நாளைக்கு காலைல ஓபிக்கு போன் பண்ணி கேட்டுக்கோங்க, 104ன்னு அரசாங்க மருத்துவ ஆலோசனை நம்பர் இருக்கு, அதுக்கு போட்டாலும் சொல்லுவாங்க. பொதுவா சொல்றதுன்னா பாலு குடுத்து முடிச்சதும் போட்டுட்டு படுக்கறது சௌகரியம், ஆனா நேரத்துக்காக ஒரு வேளை மாத்திரைய விடறதும் வேணாம், அதுக்காக பால நிறுத்தறதும் வேணாம். தைராய்டு ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்க.